வேட்டைக்கு ஒரு தீவு

ஃபுளோரிடா என்றதும் என்ன நினைவுக்கு வரும்? டிஸ்னி வேர்ல்ட், ஆரஞ்சுத் தோட்டம், ராக்கெட் ஏவுதளம், முதலை. இந்தப் பட்டியலில் கடமானைச் சேர்க்க யாருக்கும் தோன்றாது. ஆனால் அந்த மாநிலத்தின் வடமேற்கு மூலையில், மெக்சிகோ வளைகுடாவை ஒட்டிய ஒரு மணல் தீவில், நூறு ஆண்டுகளுக்கு மேலாகக் கடமான்கள் வாழ்ந்து வருகின்றன. முதுமலையிலும் களக்காட்டிலும் புலிக்குப் பயந்து திரிகிற அதே கடமான்தான். நெல்லை, குமரிப் பக்கம் மிளா என்பார்கள். இலங்கைத் தமிழில் மரை. ஆமைகள் முட்டையிட வரும் கடற்கரைக்குச் சற்று உள்ளே, அல்லி பூத்த ஏரியில் கழுத்தளவு தண்ணீரில் நின்று மேய்கிறது இந்த மலைநாட்டு விலங்கு!

அது நீந்தி வரவில்லை. கொண்டு வந்து விடப்பட்டது. கொண்டு வந்தவர் ஒரு மருந்து வியாபாரி. எதற்காக என்றால், வேட்டையாடுவதற்காக.

அந்தத் தீவின் பெயர் செயின்ட் வின்சென்ட். மான் வேட்டைக்கென்று ஒருவர் ஏன் ஒரு கடலோரத் தீவைத் தேட வேண்டும்? மான் காட்டில்தானே இருக்கும்? இந்தக் கேள்விக்குப் பதில் தேடினால் அமெரிக்க வரலாற்றின் ஒரு சுவையான பக்கம் திறக்கிறது.

முதலில் வேலியைப் பற்றிப் பேச வேண்டும். ஐரோப்பாவின் மன்னர்களும் பிரபுக்களும் மான் வேட்டைக்கென்றே தனிக் காடுகளை வைத்திருந்தார்கள். நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு அங்கே மான் பூங்காக்கள் பெருகின. சுற்றிலும் அகழி, மேலே மரவேலி. உள்ளே இருக்கும் மான் வெளியே போகக் கூடாது, வெளியே இருக்கும் குடியானவன் உள்ளே வரக் கூடாது. இரண்டாவதுதான் முக்கியம் என்று சொன்னாலும் தப்பில்லை. வேலி போடுவதற்கும் பழுது பார்ப்பதற்கும் காவல் வைப்பதற்கும் ஆகும் செலவு கொஞ்சநஞ்சமல்ல. தீவு என்றால் அந்தச் செலவு மிச்சம். கடலே வேலி, கடலே காவலாள். (மான் நன்றாக நீந்தும் என்பது வேறு விஷயம். வெள்ளைவால் மான்கள் ஒரு தீவிலிருந்து இன்னொரு தீவுக்கு அலட்சியமாக நீந்திப் போகும். ஆனால் தீனியும் தண்ணீரும் இருக்கிற இடத்தை விட்டு எந்த மானும் வீணாக நீந்துவதில்லை.)

அமெரிக்காவில் இந்த யோசனை பரவ ஒரு போர் காரணமாக இருந்தது. 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போருக்கு முன்பு, ஜார்ஜியா, தென் கரோலினா கரையோரத் தீவுகளில் பருத்தித் தோட்டங்கள் இருந்தன. நீண்ட இழை கொண்ட உயர்ந்த பருத்தி அது. விளைவித்தவர்கள் ஆப்பிரிக்க அடிமைகள். போர் முடிந்து அடிமை முறை ஒழிந்ததும் தோட்ட முதலாளிகள் நொடித்துப் போனார்கள். நிலம் சல்லிசாக விலைக்கு வந்தது. அதே காலத்தில்தான் நியூயார்க்கிலும் பிட்ஸ்பர்க்கிலும் ரயில், எஃகு, எண்ணெய், வங்கி என்று பணம் கொட்டிக் கொண்டிருந்தது. வடக்கில் கடுங்குளிர். தெற்கே ரயில் போக ஆரம்பித்துவிட்டது. குளிர்காலத்தில் தெற்கே போய்த் தங்க இடம் வேண்டும், பொழுது போக வேட்டை வேண்டும். தோட்ட முதலாளி விட்டுப் போன தீவை ரயில் முதலாளி வாங்கினார். அந்த நிலத்தில் உழைத்த கறுப்பின மக்களில் பலர் அதே தீவுகளில் வழிகாட்டிகளாகவும் சமையல்காரர்களாகவும் வேலைக்குச் சேர்ந்தார்கள். வேட்டைக் குறிப்புகளில் அவர்களுக்குக் கிடைக்கும் இடம் மிகக் குறைவு.

இன்னொரு காரணமும் உண்டு. அமெரிக்காவில் அப்போது மான்களே குறைந்து போயிருந்தன. சந்தையில் இறைச்சியாகவும் தோலாகவும் விற்பதற்காகக் கணக்கு வழக்கில்லாமல் சுட்டுத் தள்ளியிருந்தார்கள். 1900-ஆம் ஆண்டு வாக்கில் நாடு முழுவதும் சேர்த்து வெள்ளைவால் மான்கள் சில லட்சங்களே மிஞ்சின என்பது பொதுவான மதிப்பீடு. (இன்று அவை கோடிக் கணக்கில் இருக்கின்றன.) சட்டத்துக்குப் புறம்பாகப் பிடித்த வேட்டை விலங்குகளை மாநில எல்லை தாண்டி விற்பதைத் தடுக்கும் லேசி சட்டம் அந்த 1900-இல்தான் வந்தது. பொதுக் காட்டில் நாள் முழுக்க அலைந்தாலும் ஒரு மான் கண்ணில் படாது என்றால், பணம் படைத்தவன் என்ன செய்வான்? சொந்தமாக ஒரு காட்டை வாங்குவான். அதற்குள் சொந்தமாக மானை விடுவான்.

இந்த வகையில் புகழ் பெற்றது ஜார்ஜியாவின் ஜெக்கில் தீவு. 1886-இல் ஒரு கிளப் இதை 1,25,000 டாலருக்கு வாங்கியது. ஜே.பி. மார்கன், வில்லியம் ராக்கஃபெல்லர், ஜோசப் புலிட்சர், வாண்டர்பில்ட் குடும்பத்தார் என்று உறுப்பினர் பட்டியலைப் பார்த்தால் தலை சுற்றும். 1910 நவம்பரில் செனட்டர் நெல்சன் ஆல்ட்ரிச் தலைமையில் சில வங்கிக்காரர்கள் வாத்து வேட்டைக்குப் போவதாகச் சொல்லிக்கொண்டு ரகசியமாக இங்கே வந்தார்கள். வேட்டை என்பது சாக்கு. அவர்கள் கூடிப் பேசி வரைந்த திட்டம்தான் பிற்பாடு அமெரிக்காவின் மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வுக்கு அடித்தளமானது. வாத்துகள் பிழைத்தன என்று நம்புவோம்.

இன்னொரு வேடிக்கையான கதை லிட்டில் செயின்ட் சைமன்ஸ் தீவுடையது. 1908-இல் ஒரு பென்சில் கம்பெனி இதை வாங்கியது, பென்சிலுக்குத் தேவையான செடார் மரத்துக்காக. மரத்தைப் பார்த்தால் கடற்காற்றில் வளைந்து முறுக்கிக் கிடக்கிறது, பென்சிலுக்கு ஆகாது. கம்பெனியை நடத்திய பெரோல்சைமர் குடும்பம் தீவை மிகவும் விரும்பிப் போய், தங்கள் சொந்த ஓய்விடமாகவும் வேட்டைக் களமாகவும் வைத்துக்கொண்டது. 1920-களில் ஐரோப்பிய இனமான ஃபேலோ மான்களையும் கொண்டு வந்து விட்டது. அவற்றின் வாரிசுகள் பிறகு தீவெங்கும் பல்கின.

ஆக, மான் வேட்டைக்குத் தீவு தேடுகிறவர் எதையெல்லாம் பார்ப்பார் என்பது ஓரளவு விளங்குகிறது. கரையிலிருந்து மிகத் தூரமாக இருக்கக் கூடாது, படகில் கொஞ்ச நேரத்தில் போய்ச் சேர வேண்டும். அதே சமயம் திருட்டு வேட்டைக்காரன் நடந்து வந்துவிடும் அளவுக்குப் பக்கமாகவும் இருக்கக் கூடாது. ரயில் நிலையம் அருகில் வேண்டும். குளிர்காலம் மிதமாக இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக நல்ல தண்ணீர் வேண்டும். சுற்றிலும் கடல் இருந்து என்ன பயன்? மான் உப்புத் தண்ணீர் குடித்து உயிர் வாழாது. பெரும்பாலான மணல் தீவுகள் தோற்றுப் போவது இந்த இடத்தில்தான்.

செயின்ட் வின்சென்ட் இந்தப் பரீட்சையில் தேறிய தீவு.

அப்பலாச்சிகோலா ஆறு கடலில் கலக்கும் இடத்துக்கு மேற்கே முக்கோண வடிவில் கிடக்கிறது. நீளம் சுமார் 9 மைல், கிழக்குக் கோடியில் அகலம் சுமார் 4 மைல், பரப்பு 12,000 ஏக்கருக்கு மேல். அந்தக் கரையில் உள்ள மற்ற தடுப்புத் தீவுகள் எல்லாம் நாடாவைப் போல ஒல்லியாக நீண்டிருக்கும். இது மட்டும் தடித்த தீவு. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக ஆறு கொண்டுவந்த மணலை அலைகள் ஒதுக்கி ஒதுக்கி, வரி வரியாக மணல் மேடுகளை உண்டாக்கியிருக்கின்றன. வானத்திலிருந்து பார்த்தால் உழுத வயலைப் போல இருக்கும். மேட்டில் பைன் மரமும் ஓக் மரமும் குட்டைப் பனையும். மேட்டுக்கும் மேட்டுக்கும் இடையே பள்ளம், அதில் சதுப்பு. கிழக்குப் பக்கம் மழைநீர் தேங்கிய நன்னீர் ஏரிகள். பெருநிலத்துக்கும் தீவுக்கும் இடையே இந்தியன் பாஸ் என்ற கால்வாய், அகலம் சுமார் கால் மைல். இதைவிட வசதியாக யாரும் வரைந்து கொடுக்க முடியாது.

மனிதர்களுக்கு இந்தத் தீவு புதிதல்ல. பழங்குடிகள் சிப்பி தின்று வீசிய ஓட்டுக் குவியல்கள் வடகரையில் இன்றும் இருக்கின்றன. அந்த வட்டாரத்து அப்பலாச்சி மக்களிடம் வந்த ஸ்பானியப் பாதிரிகள் 1633-இல் தீவுக்கு இந்தப் பெயரை வைத்தார்கள். 1868-இல் ஜார்ஜ் ஹாட்ச் என்பவர் ஏலத்தில் 3,000 டாலருக்கு இதை எடுத்தார். ஏக்கர் 25 காசு! தீவில் பெயர் பொறித்த ஒரே கல்லறை அவருடையதுதான்.

அடுத்து வருகிறார் நம் கதாநாயகர், டாக்டர் ரே வான் பியர்ஸ். நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரத்துக்காரர், 1840-இல் பிறந்தவர். டாக்டர் என்றாலும் நாடி பார்த்துச் சம்பாதித்ததை விடப் புட்டி விற்றுச் சம்பாதித்தது அதிகம். 'தங்கமான மருத்துவக் கண்டுபிடிப்பு', 'மனத்துக்குப் பிடித்த மருந்து' என்ற பொருள்படும் பெயர்களில் அவர் விற்ற டானிக்குகள் அமெரிக்கா முழுவதும் ஓடின. கிராமத்துக் களஞ்சியச் சுவர்களில் ஆளுயர எழுத்தில் அவர் மருந்து விளம்பரம் இருக்கும். நம்மூர்ச் சுவர் விளம்பரங்களுக்கெல்லாம் அவர் முன்னோடி என்று சொல்லலாம். வீட்டு வைத்தியத்துக்கு ஒரு தடித்த புத்தகமும் எழுதினார், அதிலும் தன் மருந்தையே சிபாரிசு செய்தார். அமெரிக்கக் காங்கிரசுக்கும் ஒரு முறை தேர்ந்தெடுக்கப்பட்டு, 1880-இல் பதவியை விட்டுவிட்டு மருந்துத் தொழிலுக்கே திரும்பினார்.

1900-களின் தொடக்கத்தில் இந்தப் புட்டி மருந்து வியாபாரத்துக்கு எதிராகப் பத்திரிகைகள் கிளம்பின. ஒரு பெரிய பெண்கள் பத்திரிகை அவர் மருந்தில் அபினும் சாராயமும் இருப்பதாக 1904-இல் எழுத, பியர்ஸ் வழக்குப் போட்டு ஜெயித்தார். ஆனாலும் காலம் மாறிவிட்டது. 1906-இல் உணவு, மருந்துக் கலப்படத்துக்கு எதிரான சட்டம் வந்து, புட்டிக்குள் என்ன இருக்கிறது என்பதை வெளியே ஒட்டச் சொன்னது. அறுபது வயதைத் தாண்டிவிட்ட பியர்ஸ் 1908-இல் செயின்ட் வின்சென்ட் தீவை 12,500 டாலருக்கு வாங்கினார். ஏக்கருக்கு ஒரு டாலர் அளவு. ஜெக்கில் தீவுக்கு அந்தக் கோடீசுவரர்கள் கொடுத்த விலையோடு ஒப்பிட்டால் கொள்ளை மலிவு. அதற்கு முந்தைய ஆண்டுதான், 1907-இல், பக்கத்து ஊரான அப்பலாச்சிகோலாவுக்கு ரயில் வந்து சேர்ந்திருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இடம் தேர்ந்தெடுப்பதில் மனிதர் கெட்டிக்காரர்.

வாங்கியதை விட மேம்படுத்தத்தான் அதிகம் செலவானது. சுமார் 60,000 டாலர். வீடுகள், பாதைகள், அத்தோடு வெளிநாட்டு விலங்குகள். அந்த விலங்குகளில் ஒன்றுதான் கடமான்.

ஏன் கடமான்? அந்தக் காலத்து வேட்டைப் பிரியர்களின் மனநிலையைப் புரிந்துகொண்டால் இது விளங்கும். பிரிட்டிஷ் அதிகாரிகளும் தோட்டக்காரர்களும் இந்தியாவிலும் இலங்கையிலும் ஆடிய வேட்டையைப் பற்றிய புத்தகங்கள் அப்போது ஆங்கிலம் படித்த உலகமெங்கும் விற்றன. சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர் நுவரெலியாவில் குடியேறி, வேட்டை நாய்களை வைத்து மரைகளைத் துரத்திய கதையை 1854-இல் புத்தகமாகவே போட்டார். கடமானுக்கு ஒரு மவுசு உண்டாகிவிட்டது. இலங்கையிலிருந்து கப்பலேறிய மரைகள் 1875 வாக்கில் நியூசிலாந்தின் மனவாட்டு கரையோரத்தில் விடப்பட்டு, இன்று வரை அங்கே இருக்கின்றன. அதற்கு முன்பே 1860-களில் ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவுக்கும் போய்ச் சேர்ந்து, இப்போது அங்கே ஒரு பெரிய தலைவலியாகியிருக்கின்றன. கடமான் அன்று உலகம் சுற்றிய விலங்கு.

அளவைப் பாருங்கள். நன்கு வளர்ந்த ஆண் கடமான் 250 கிலோவைத் தாண்டும். ஃபுளோரிடாக் கரையோரத்தின் வெள்ளைவால் ஆண் மானை நாலு அடுக்கினால்தான் அந்த எடைக்கு ஈடாகும். கொம்பு ஒவ்வொன்றிலும் மூன்று கிளை, தடித்து, சொரசொரப்பாக இருக்கும். குளிர் நாட்டு மான்களைப் போல ஒரே பருவத்தில்தான் ஈனும் என்றில்லை, ஆண்டின் எந்த மாதத்திலும் குட்டி போடும். இரவில் மேயும், பகலில் புதரில் மறையும். ஆபத்தை மோப்பம் பிடித்தால் முன்காலைத் தரையில் உதைத்து, தகரத்தைத் தட்டினாற்போல் ஒரு சத்தம் கொடுக்கும். காட்டில் புலி நடமாட்டத்தை அறிய வனக்காவலர்கள் காது கொடுத்துக் கேட்பது இந்தச் சத்தத்தைத்தான். புலியே இல்லாத தீவிலும் அது அந்தப் பழக்கத்தை விடவில்லை.

பியர்ஸ் அதிக நாள் அனுபவிக்கவில்லை. 1914 பிப்ரவரியில் அந்தத் தீவிலேயே இறந்து போனார். குடும்பம் தீவை வைத்துக்கொண்டது, ஆனால் வேட்டை மோகம் தணிந்து வருமானத் தேவை வந்தது. 1940-இல் பைன் மரங்களை வெட்டி விற்றார்கள், அதற்காகத் தற்காலிகமாக ஒரு பாலம்கூடப் போடப்பட்டது. தீவுக்குப் பாலம் வந்தால் தீவு தீவாக இருக்காது, விடுதியும் கோல்ஃப் மைதானமும் பின்னாலேயே வரும். 1930-களில் இரண்டு பணக்காரர்களின் வேட்டைக் களமாக இருந்த தென் கரோலினாவின் ஹில்டன் ஹெட் தீவுக்கு 1956-இல் பாலம் வந்தது. இன்று அங்கே போய்ப் பார்த்தால் வேட்டைக் களம் இருந்த சுவடே தெரியாது. செயின்ட் வின்சென்டில் நல்ல வேளையாக அந்தப் பாலம் நிலைக்கவில்லை.

1948-இல் லூமிஸ் சகோதரர்கள் தீவை 1,40,000 டாலருக்கு வாங்கினார்கள். பியர்ஸ் தொடங்கியதை இவர்கள் ஒரு படி மேலே கொண்டு போனார்கள். ஆப்பிரிக்காவின் வரிக்குதிரை, ஈலாண்ட் என்ற பெரிய மான், நம் நாட்டு வெளிமான், காட்டுக்கோழி, ஃபெசன்ட் பறவை, வான்கோழி என்று நூற்றுக்கணக்கில் இறக்கினார்கள். கோடிக்கரை உப்புவெளியில் துள்ளி ஓடும் வெளிமான், அதே போன்றதொரு கடலோரத்தில் வரிக்குதிரையோடு சேர்ந்து மேய்ந்திருக்கிறது. வேட்டைத் தீவு என்பது போய், கிட்டத்தட்ட ஒரு தனியார் மிருகக்காட்சிசாலை ஆகிவிட்டது. ஆனால் அத்தனையிலும் தீவோடு ஒட்டிக்கொண்டது கடமான் ஒன்றுதான். வரிக்குதிரையும் வெளிமானும் இன்று அங்கே இல்லை.

1960-களில் கதை திரும்புகிறது. ஃபுளோரிடாக் கடற்கரை முழுவதும் மனைகளாகக் கூறுபோட்டு விற்பனையாகிக் கொண்டிருந்த காலம். 1968-இல் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான நேச்சர் கன்சர்வன்சி 22 லட்சம் டாலருக்குத் தீவை வாங்கி, அமெரிக்க அரசின் மீன், வனவிலங்குத் துறைக்குக் கொடுத்தது. அரசு அந்தப் பணத்தைத் திருப்பிக் கொடுத்த விதம்தான் சுவையானது. அமெரிக்காவில் வாத்து வேட்டையாட வேண்டுமானால் ஆண்டுதோறும் ஒரு முத்திரை வாங்க வேண்டும். 1934-இல் வந்த ஏற்பாடு இது. அந்த முத்திரை விற்ற பணத்திலிருந்துதான் கடன் அடைக்கப்பட்டது. அதாவது ஒரு பணக்காரரின் வேட்டைத் தீவைப் பொதுச் சொத்தாக்கியது லட்சக்கணக்கான சாதாரண வேட்டைக்காரர்களின் சில்லறைக் காசு!

துறைக்கு உடனே ஒரு தர்மசங்கடம். வனவிலங்குப் புகலிடத்தின் வேலை உள்நாட்டு உயிரினங்களைக் காப்பது. கடமானோ அயல்நாட்டு விலங்கு. சட்டத்தைக் கறாராகப் பார்த்தால் அப்புறப்படுத்த வேண்டும். ஆனால் இது அவ்வளவு கெடுதல் செய்கிறதா? 1980-களில் ஆராய்ச்சியாளர்கள் இதைத் துருவிப் பார்த்தார்கள். கடமான் என்ன தின்கிறது, எங்கே படுக்கிறது, வெள்ளைவால் மானின் தீனியைப் பறிக்கிறதா, நோய் ஏதும் பரப்புகிறதா என்றெல்லாம் ஆராய்ந்தார்கள். இரண்டும் இடத்தைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தன. வெள்ளைவால் மான் மேட்டுக் காட்டில், கடமான் பள்ளத்துச் சதுப்பிலும் ஏரியிலும். கடமான் முதலைக்கும் அஞ்சாமல் தண்ணீரில் இறங்கி அல்லியும் மற்ற நீர்த்தாவரங்களும் தின்று வந்தது. நீலகிரியில் புல்வெளியிலும் சோலையிலும் மேய்கிற விலங்கு இங்கே நீர்யானை வாழ்க்கைக்குப் பழகிவிட்டது.

எனவே ஒரு நடுவழி. கடமான் இருக்கட்டும், ஆனால் எண்ணிக்கை பெருகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்கு வழி? மறுபடியும் வேட்டை. 1987-இல் கடமான் வேட்டை தொடங்கியது. இம்முறை கோடீசுவரன் கூப்பிட்டு அனுப்பும் விருந்தாளிகளுக்கல்ல, குலுக்கலில் பெயர் விழுந்தவர்களுக்கு. சிறு கட்டணம், குறிப்பிட்ட சில நாட்கள், ஆளுக்கு இத்தனை என்ற வரம்பு. ஆயுதத்திலும் கட்டுப்பாடு, வில் அல்லது வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் பழைய பாணித் துப்பாக்கி என்பது போல. மெக்கானிக்கும் பள்ளி வாத்தியாரும் தீவு வேட்டைக்கு மனுப் போடுகிற நிலை வந்தது. பியர்ஸ் இதைப் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ!

குலுக்கலில் விழுந்தாலும் வேலை சுலபமில்லை. படகில்தான் போக வேண்டும். கூடாரம், சாப்பாடு, குடிதண்ணீர், ஐஸ் பெட்டி எல்லாவற்றையும் தானே சுமக்க வேண்டும். குளிர்காலத்திலும் கொசு உண்டு. அசந்தால் ரக்கூன் வந்து சாப்பாட்டு மூட்டையை அவிழ்த்துவிடும். இவ்வளவுக்கும் பிறகு சதுப்பின் நடுவே 200 கிலோ கடமான் விழுந்தால் நிலைமையை யோசித்துப் பாருங்கள். வாகனம் கிடையாது. இடுப்பளவு சேற்றில் நின்று அறுத்துத் துண்டு போட்டு, மைல் கணக்கில் முதுகில் சுமந்து கரை சேர்க்க வேண்டும். சுடுவதற்கு முன் ஒருவன் இரண்டு தரம் யோசிப்பது அநேகமாக இதற்காகத்தான் இருக்கும்.

தீவுக்கு இன்னொரு வேட்டைக்காரனையும் கொண்டு வந்தார்கள். தென்கிழக்கு அமெரிக்காவுக்கே உரிய சிவப்பு ஓநாய் இயற்கையில் அடியோடு அழிந்து, கூண்டில் வளர்த்துக் காப்பாற்றப்பட்ட இனம். 1990 முதல் செயின்ட் வின்சென்டில் ஒரு ஜோடியை விட்டு, அது ஈன்ற குட்டிகள் காட்டு வாழ்க்கைக்குப் பழகியதும் வட கரோலினாவுக்குக் கொண்டு போய் விட்டார்கள். மான் தப்பிப் போகாமல் இருக்கத் தேர்ந்தெடுத்த அதே கடல் வேலி, இப்போது ஓநாய் தப்பிப் போகாமல் இருக்கவும் பயன்பட்டது.

இந்தக் கதையை வைத்து, தீவில் மானை விட்டால் எல்லாம் நன்றாக முடியும் என்று நினைத்துவிடக் கூடாது. அந்தமானைப் பார்த்தால் போதும். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பிரிட்டிஷார் வேட்டைக்காக அங்கே புள்ளிமானைக் கொண்டு வந்து விட்டார்கள். புலியும் இல்லை, சிறுத்தையும் இல்லை. மான் பெருகி, தீவுக்குத் தீவு நீந்திப் போய், காட்டின் இளஞ்செடிகளைத் தின்று தீர்த்தது. தரையில் செடியில்லாமல் போனதால் அங்கே வாழும் சிறு ஊர்வனவற்றின் எண்ணிக்கையும் குறைந்திருப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன. செயின்ட் வின்சென்டில் கணக்கெடுப்பும் ஆராய்ச்சியும் குலுக்கலும் இருந்தன, அந்தமானில் வெகுகாலம் கேட்பாரே இல்லை.

நேரெதிரான உதாரணம் ஃபுளோரிடாவிலேயே தெற்குக் கோடியில் இருக்கிறது. கீஸ் எனப்படும் தீவுக் கூட்டத்தில் வாழும் கீ மான், வெள்ளைவால் மானின் குட்டை வகை. பெரிய நாய் உயரம்தான் இருக்கும். அதைத் தீவோடு தீவாகச் சுட்டுத் தள்ளியதில், 1939-இல் தடை வந்த பிறகும் திருட்டு வேட்டை தொடர்ந்து, 1950-களில் ஐம்பதுக்கும் கீழே போய்விட்டதாக மதிப்பிட்டார்கள். 1957-இல் புகலிடம் அமைத்த பிறகுதான் பிழைத்தது. தப்பி ஓட இடமில்லாதது மானுக்கு இரண்டு விதத்திலும் ஆபத்து. 2016-இல் சதையைத் துளைக்கும் ஒரு வகை ஈயின் புழு தாக்கியதில் நூற்றுக்கு மேற்பட்ட கீ மான்கள் செத்தன.

கடமானின் சொந்த நாட்டு நிலவரமும் நன்றாக இல்லை. திருட்டு வேட்டையாலும் காடு சுருங்கியதாலும் அதன் எண்ணிக்கை குறைந்து வருகிறது என்று 2008-இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் அதை அழிவாய்ப்புள்ள இனங்களின் பட்டியலில் சேர்த்தது. ஒரு மருந்து வியாபாரி பொழுதுபோக்குக்கு விட்ட கூட்டம் அரசுக் கண்காணிப்பில் இருக்க, தென்கிழக்கு ஆசியாவின் பல காடுகளில் கண்ணி வைத்துப் பிடித்தே அதைக் காலி செய்துவிட்டார்கள்.

2018 அக்டோபர் 10 அன்று மைக்கேல் புயல், மிக உயர்ந்த ஐந்தாம் வகை வேகத்தோடு, செயின்ட் வின்சென்டுக்குச் சற்று மேற்கே மெக்சிகோ பீச் என்ற ஊரில் கரையேறியது. அந்தக் கரையோரத்தில் கடல் வீடுகளுக்குள்ளேயே புகுந்தது. தீவின் கடமான்கள் நம்பியிருக்கும் நன்னீர் ஏரிகளுக்கும் கடலுக்கும் நடுவே இருப்பது சில மணல் மேடுகள்தான். அதிலும் மிக உயரமான மேடுகளே ஒரு மாடி வீட்டின் உயரத்தைத் தாண்டுவதில்லை.